வெளியேறுபவன் நிற்க ஓர் இடம்

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குக் கிளம்பும் பஸ்கள் உக்கடத்தில் போய் நிற்கும். அந்த உக்கடத்தில் 2017 மார்ச் 16ஆம் தேதி இரவு ஃபாரூக் என்ற 31 வயதுக்காரர் வெட்டிக் கொல்லப்பட்டார். பழைய இரும்பு வியாபாரி. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டு, திராவிடர் விடுதலைக் கழகத்தில் சேர்ந்தவர். இரவில் ஒரு போன் வந்தது, வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினார், கழிவுநீர்ப் பண்ணைப் பக்கம் ஒரு கும்பல் அவரை மடக்கியது. கைதானவர்கள் அவர் பிறந்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அவர் எழுதிவந்த நாத்திகக் கருத்துகளே பகைக்குக் காரணம் என்றது போலீஸ் தரப்பு. கடவுள் இல்லை என்று எழுதிய அட்டையைத் தன் குழந்தை பிடித்திருக்கும் படத்தையும் அவர் போட்டிருந்தார். அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு, 2016 மார்ச் 13 அன்று, பொள்ளாச்சிக்குக் கிழக்கே உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே சங்கர் வெட்டப்பட்டார். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட தலித் இளைஞர் அவர். ஒரு கொலையை மத வெறி என்றும் மற்றதை ஆணவக் கொலை என்றும் தனித்தனியே எழுதி வைத்துவிடுகிறோம். ஆனால் இரண்டிலும் அரிவாளுக்கு முன்பே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. இன்னார் நம் எல்லையைத் தாண்டிவிட்டார், இனி அவருக்கு நேர்வது நமக்கு நேர்வதாகாது என்ற முடிவு. அந்த முடிவை எடுக்கும் உரிமை ஒரு சமயத்துக்கு உண்டா, உண்டென்றால் எதுவரை என்பதுதான் இங்கே கேள்வி.

வெறுப்புக் குற்றம் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வளர்ந்தது. அங்கே அதன் மாதிரி வடிவம், ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் இன்னொரு கூட்டத்தைச் சேர்ந்தவனைத் தாக்குவது. தன் கூட்டத்தை விட்டுப் போனவனைத் தன் கூட்டத்தாரே தாக்குவது அந்தப் படத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. 2016 மார்ச்சில் கிளாஸ்கோ நகரில் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்த கடைக்காரர் ஒருவரை, பிராட்ஃபோர்டிலிருந்து காரோட்டி வந்த இன்னொரு முஸ்லிம் கொன்றார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் ஒரே சமூகம். கொன்றவருக்கு அப்படி இல்லை. பிரிட்டிஷ் சட்டம் இதில் கொஞ்சம் முன்யோசனையோடு எழுதப்பட்டிருக்கிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தை 2001இல் திருத்தியபோது, மத நம்பிக்கையால் அடையாளம் காணப்படுபவர்களோடு நம்பிக்கை இல்லாதவர்களையும் சேர்த்தே பாதுகாப்பு வரையறுக்கப்பட்டது. நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் வெறுப்புக் குற்றம் என்ற தனித் தலைப்பே கிடையாது. ஃபாரூக்கின் கொலை அங்கே கொலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் வெறுப்பின் படிகளை ஐந்தாகப் பிரித்தார். இழிவாகப் பேசுதல், ஒதுக்குதல், பாகுபாடு காட்டுதல், உடல்மீது தாக்குதல், பூண்டோடு அழித்தல். ஒதுக்குதல் இரண்டாம் படியிலேயே வந்துவிடுகிறது. முதல் படியில் கால் வைத்த எல்லாரும் கடைசிப் படி வரை ஏறிவிடுவார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஊர் ஒதுக்கிவைத்த ஆயிரம் பேரில் பெரும்பாலோர் கொல்லப்படுவதில்லை. அவர்கள் மனம் வெதும்பி ஊர் மாறுகிறார்கள், அல்லது தண்டம் கட்டிக் காலில் விழுந்து திரும்பச் சேர்ந்துகொள்கிறார்கள். ஒதுக்குதலுக்கும் கொலைக்கும் உள்ள உறவை வேறிடத்தில் தேட வேண்டும். கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்சா என்ற இரண்டு குற்றவியலாளர்கள் 1957இல் ஒன்றைக் கவனித்தார்கள். குற்றம் செய்பவன் நல்லது கெட்டது தெரியாதவன் இல்லை. தெரிந்ததை அந்த நேரத்துக்கு ஓரங்கட்ட அவனுக்குச் சில சமாதானங்கள் தேவைப்படுகின்றன. செத்தவன் அதற்கு உரியவன்தான் என்பது ஒரு சமாதானம். எனக்காகச் செய்யவில்லை, பெரிய ஒன்றுக்காகச் செய்தேன் என்பது இன்னொன்று. ஊர்கூடி ஒருவரை விலக்கிவைக்கும்போது இந்த இரண்டு சமாதானங்களையும் ஊரே தயாரித்துக் கொடுத்துவிடுகிறது. கத்தி எடுப்பவன் ஆயிரத்தில் ஒருவன்தான். அவன் மனசாட்சியின் வேலையை மற்ற 999 பேர் முன்கூட்டியே சுலபமாக்கி வைத்திருக்கிறார்கள்.

விலக்கிவைத்தல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் அது வெறும் முகத்திருப்பல்போலத் தெரியும். கொங்கு நாட்டில் வேளாளர் கல்யாணத்தை நடத்திவைப்பவர் அருமைக்காரர். மங்கல வாழ்த்துப் பாடுபவர் நாவிதர். இந்த இருவரும் வராவிட்டால் அந்தக் காலத்தில் கல்யாணமே இல்லை. ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தின்மேல் யாரும் கை வைக்கத் தேவையில்லை. அருமைக்காரர் வரக்கூடாது, நாவிதர் வரக்கூடாது, வெளுக்கத் துணி எடுக்கக்கூடாது, எழவு விழுந்தால் பாடை தூக்க யாரும் போகக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னால் போதும். முக்கியமான ஷரத்து கடைசியில் வரும். அந்த வீட்டில் கை நனைத்தவனுக்கும் தண்டம். ஒரு குடும்பத்தை விலக்கும் தீர்ப்பு இப்படித்தான் ஊரிலுள்ள அத்தனை குடும்பங்கள் மீதுமான தீர்ப்பாகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் குடும்பத்தின் மேல் பகை இருக்க வேண்டியதில்லை. அவருக்குத் தன் மகள் கல்யாணம் நடக்க வேண்டும் என்ற பயம் இருந்தால் போதுமானது. இதில் மனதை உறுத்தும் ஒன்றும் இருக்கிறது. விலக்கிவைப்பதற்கு ஊர் பயன்படுத்திய நாவிதரும் வண்ணாரும் பறை அடிப்பவரும், பிறந்த நாள் முதல் அதே ஊரால் விலக்கிவைக்கப்பட்டவர்கள். பொள்ளாச்சி வட்டார டீக்கடைகளில் அருந்ததியருக்குத் தனிக் குவளை வைத்த காலத்தைப் பற்றிய பதிவுகள் நிறைய உள்ளன. மீறியவனுக்குத் தண்டனையாகக் கொடுத்த அந்த வாழ்க்கையை, மீறாத இவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள்.

பள்ளிவாசல் ஜமாஅத்தின் கையிலும் இதுபோன்ற பிடி உண்டு. நிக்காஹ், அதாவது திருமணம், ஜமாஅத்தின் பதிவேடான தப்தரில் பதிவாகிறது. வேற்றூரில் சம்பந்தம் செய்ய இந்த ஜமாஅத்தின் கடிதம் கேட்பார்கள். யாராவது இறந்தால் கபர்ஸ்தான் என்னும் அடக்கத்தலத்தில் இடம் வேண்டும். சந்தா கட்டும் குடும்பத்துக்கு இவை கேட்காமலே கிடைப்பவை, விலக்கப்பட்டால் ஒரே நாளில் அடைபடுபவை. தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச். ஜி. ரசூல் 2007இல் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். இஸ்லாமிய மரபில் மது பற்றிய பார்வைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதியதே குற்றம். அவர் மதத்தை மறுத்தவர் இல்லை, அதற்குள் நின்று கேள்வி கேட்டவர். பீர்முகமது அப்பா போன்ற ஒரு சூஃபி ஞானி அடங்கிய ஊர் தக்கலை என்பதை நினைத்தால் வருத்தம் கூடுகிறது. கிறிஸ்தவத்திலும் இது இல்லாமல் இல்லை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே தலித் கிறிஸ்தவர்களின் பிணங்களைப் பிரிக்க ஒரு சுவர் எழுந்து நிற்கிறது. கல்யாணத்தையும் சாவையும் கையில் வைத்திருக்கும் எந்த அமைப்பும் விலக்குதலை ஆயுதமாக்க முடியும். அதற்கு அது எந்தக் கடவுளை வணங்குகிறது என்பது இரண்டாம் பட்சம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். யாரை உறுப்பினராக வைத்துக்கொள்வது என்று ஒரு சமயக் குழு முடிவு செய்யக்கூடாதா? கண்டிப்பாகச் செய்யலாம். அல்லாஹ்வை மறுப்பவரைத் தொழுகை நடத்த அழைக்க வேண்டும் என்றோ, ஏசுவை ஏற்காதவருக்கு நற்கருணை கொடுத்தாக வேண்டும் என்றோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நம்பிக்கையால் கூடிய ஒரு குழு அந்த நம்பிக்கையின் எல்லையைச் சொல்லும் உரிமையை இழந்தால், அது குழுவாகவே இருக்காது. தனிமனிதருக்கும் அதே உரிமை உண்டு. என் நம்பிக்கையை நக்கல் செய்பவரோடு நான் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம், அவர் கடைக்குப் போகாமல் இருக்கலாம். 1689இல் ஜான் லாக் சகிப்புத்தன்மை பற்றி எழுதிய கடிதத்தில் இந்த எல்லையைத் தெளிவாகவே வரைந்தார். திருச்சபை தன் உறுப்பினரை நீக்கலாம், ஆனால் அந்த நீக்கம் அவருடைய உடலையோ உடைமையையோ தொடக்கூடாது என்பது அவர் வாதம். அதே லாக், கடவுளை மறுப்பவருக்கு மட்டும் எந்தச் சகிப்பும் காட்டவேண்டாம் என்றார். கடவுளை நம்பாதவனின் சத்தியத்தை எப்படி நம்புவது என்பது அவர் சந்தேகம். அவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்தவருக்கே, ஃபாரூக் போன்ற ஒருவரைக் கோட்டுக்கு உள்ளே கொண்டுவர மனம் வரவில்லை. நாத்திகனை விலக்கும் எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் நீதிமன்றங்களிலும் இந்தக் கேள்வி 60 ஆண்டுகளாக முடியாமல் நிற்கிறது. பம்பாய் மாகாணம் 1949இல் சமூக விலக்கத்தைத் தடைசெய்து ஒரு சட்டம் போட்டது. தாவூதி போரா சமூகத்தின் தலைவர் சையத்னா அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1962இல் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். மத ஒழுங்கைக் காக்க விலக்கிவைப்பது அரசமைப்பின் 26ஆவது பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும் என்றார்கள். தலைமை நீதிபதி பி. பி. சின்ஹா மட்டும் மாறுபட்டார். விலக்கப்பட்டவர் தன் சமூகத்தில் தீண்டத்தகாதவர்போல ஆக்கப்படுகிறார், மனித மாண்பைக் காக்க வந்த சட்டத்தை ரத்து செய்யக்கூடாது என்பது அவர் கருத்தின் சாரம். 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட இன்னொரு அமர்வு, அந்த 1962 தீர்ப்பை ஒன்பது நீதிபதிகள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அனுப்பிவைத்தது. சின்ஹா எழுதியதன் பக்கமே நான் நிற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. விலக்கிவைத்தல் முழுவதையும் தடுக்கத் தேவையில்லை. மூன்றாம் ஆளுக்கு விதிக்கும் தண்டனையைத் தடுத்தால் போதும். நீ எங்கள் பள்ளிவாசலில், எங்கள் கோயிலில் உறுப்பினர் இல்லை என்று சொல்வது சமயத்தின் உரிமை. இவன் வீட்டில் கை நனைத்தால் உனக்கும் தண்டம் என்று அடுத்தவனிடம் சொல்லும் நொடியில் அந்த உரிமை முடிந்து மிரட்டல் தொடங்கிவிடுகிறது. முதலாவது ஒரு நம்பிக்கையின் வெளிப்பாடு. இரண்டாவது, ஒருவரைப் பட்டினி போட ஊரையே கூலிக்கு அமர்த்துவது.

மதத்தையே வேண்டாம் என்று விட்டவனுக்கு மதத்தார் விலக்கினால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்பார்கள். மனிதர்களை அறியாத கேள்வி இது. ஒதுக்கப்படுவதைப் பற்றிப் பல ஆண்டுகள் சோதனை செய்த கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர், கணினியில் ஒரு சாதாரணப் பந்து விளையாட்டை வைத்தார். மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றி எறிவார்கள், திடீரென்று ஒருவருக்கு மட்டும் பந்து வருவது நின்றுவிடும். முன்பின் தெரியாதவர்கள், சில நிமிட விளையாட்டு, ஆனாலும் மனம் நோகிறது. தங்களை ஒதுக்கியது தாங்கள் அருவருக்கும் இனவெறி அமைப்பைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டபோதும் அந்த நோவு குறையவில்லை. கொள்கையை விடுவது ஒரு வாசிப்பிலோ ஒரு வாக்குவாதத்திலோ நடந்துவிடும். அம்மாவின் கைச்சாப்பாடு, பெருநாள் அன்று வரும் மாமன் மச்சான், தெருவில் கூப்பிட்டுப் பேசும் பெரியவர்கள், இவர்களை யாரும் கொள்கை முடிவாக விடுவதில்லை. ஃபாரூக்கின் வீட்டிலேயே மற்றவர்கள் மார்க்கத்தை விடவில்லை என்று அப்போது வந்த செய்திகள் கூறின. நம்புகிறவர்களும் நம்பாத ஒருவரும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். சேர்ந்து வாழ முடியாது என்று தீர்மானித்தவர்கள் வெளியே இருந்தார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் 17ஆம் நூற்றாண்டில் நடந்த இரண்டு விலக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் துலங்கும். யூரியல் ட கோஸ்டா என்பவரை அங்கிருந்த யூத சபை விலக்கியது. தனிமை தாங்காமல் அவர் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார், சபையில் வைத்துக் கசையடி பட்டார், 1640இல் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டார். 1656இல் அதே சபை 23 வயது ஸ்பினோசாவை விலக்கியது. பேசக்கூடாது, எழுதியதைப் படிக்கக்கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்று கடுமையான ஆணை. ஸ்பினோசா சாகவில்லை, திரும்பவும் இல்லை. லென்ஸ் தேய்த்து வாழ்ந்தார், எழுதினார், உலகத் தத்துவத்தையே திருப்பினார். மன உறுதி ஒரு காரணம், சந்தேகமில்லை. அதைவிடப் பெரிய காரணம், அவருக்கு வேறு சமயங்களைச் சேர்ந்த நண்பர்கள் இருந்தார்கள், தங்க வீடு கிடைத்தது, தேய்த்த லென்ஸை விலைக்கு வாங்க ஆள் இருந்தது. விலக்கத்தின் கொடுமை விலக்கும் ஆணையில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, வெளியே வந்தவன் நிற்க இடம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. இந்த இடத்திலிருந்துதான் கோவையைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1997 நவம்பர் 29 அன்று கோவையில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள், அவர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டார்கள். அதன்பின் நகரம் தனக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டது. முஸ்லிம் என்றால் வாடகைக்கு வீடு இல்லை, வேலை கேட்டால் தயக்கம், அவர்கள் கடையில் வாங்காதே என்று ரகசியமாகவும் வெளிப்படையாகவும் பிரசாரம். குண்டு வைத்தவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு தலைமுறை கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குறிச்சி என்று ஒரே திசையில் குவிந்தது. வெளியுலகம் கதவடைத்த இடத்தில் பள்ளிவாசலும் ஜமாஅத்துமே ஒரே நிழல். கடன் வேண்டுமென்றால் அங்கே, பிள்ளைக்குப் படிப்பு உதவி அங்கே, போலீஸ் பிடித்துப்போனால் வக்கீல் வைப்பதும் அங்கே. இவ்வளவையும் தரும் அமைப்பிலிருந்து விலகுவது ஒரு கருத்தை விடுவதோடு நிற்பதில்லை, உள்ள ஒரே கூரையை விட்டு வெளியே வருவது அது. வெளியே வந்தால் வீடு கிடைக்குமா? கொள்கையால் நாத்திகர், பெயரால் முஸ்லிம். வீட்டுக்காரர் கேட்கப்போவது பெயரை. உள்ளே இருப்பவர்களுக்கு அவர் துரோகி, வெளியே இருப்பவர்களுக்கு அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். சமூகத்துக்கு வெளியிலிருந்து நடக்கும் ஒதுக்குதல், உள்ளே நடக்கும் ஒதுக்குதலுக்குப் பலம் சேர்க்கிறது. முதலாவதைச் செய்துகொண்டே இரண்டாவதைக் கண்டிப்பவர்கள், தாங்கள் ஊட்டி வளர்த்ததையே கண்டிக்கிறார்கள்.

இதனால்தான், முஸ்லிம்களுக்குள் நடக்கும் வன்முறையை எழுதாதே, அது பெரும்பான்மைவாதிகளுக்குத் தீனியாகிவிடும் என்ற வாதத்தை நான் முழுவதும் தள்ளிவிடவும் இல்லை, ஏற்கவும் இல்லை. பயம் உண்மையானது. ஃபாரூக்கின் கொலையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சமூகத்தையே கூண்டில் ஏற்றத் துடித்தவர்கள் இருந்தார்கள். கொலையைக் கண்டித்து முஸ்லிம் அமைப்புகள் பேசியதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் மௌனத்தின் விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இலங்கையின் காத்தான்குடியில் அப்துர் ரவூப் மௌலவி என்ற சூஃபி போதகரை 1979இல் உலமா சபை மதத்தை விட்டு வெளியேறியவர் என்று அறிவித்தது. 2004இலும் 2006இலும் சூஃபிகளின் வீடுகளும் சொத்துகளும் தாக்கப்பட்டன. உள்வீட்டுச் சண்டை என்று நாடு அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 2017 மார்ச் 10 அன்று அதே ஊரில் ஜஹ்ரான் ஹாஷிமின் ஆட்கள் அந்தச் சூஃபிகளோடு வாளோடு மோதினார்கள். ஜஹ்ரான் தலைமறைவானார். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று அவர் கூட்டம் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2022 அக்டோபர் 23 அன்று உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு வெடித்த காரின் விசாரணையிலும் ஜஹ்ரானின் பெயர் வந்தது. காத்தான்குடி மோதலும் ஃபாரூக்கின் கொலையும் ஒரே வாரத்தில் நடந்தவை. அவற்றுக்குள் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. தன் சமூகத்து ஆளையே மனிதக் கணக்கிலிருந்து நீக்கப் பழகிய ஒரு கும்பல், அடுத்த சமூகத்தை நீக்குவதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்ளாது என்று மட்டும் சொல்கிறேன். முதலில் அடிபட்டவர்கள் முஸ்லிம்கள். அவர்களுக்காகப் பேசுவது முஸ்லிம் விரோதம் ஆகாது.

பகுத்தறிவாளர்கள் பக்கமிருந்து வரும் மறுப்பு வேறு. இதெல்லாம் மதத்தின் இயல்பு, மதம் இருக்கும்வரை கொலையும் இருக்கும் என்பார்கள். ஈரோட்டு மண்ணில் இந்த வாதத்துக்கு மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. என்றாலும் உடுமலையில் அரிவாள் தூக்கியவர்களுக்கு எந்த வசனத்தின் தூண்டுதலும் தேவைப்படவில்லை. சமயத்துக்குள்ளேயே மாற்றுக் கருத்தோடு பழகிய மரபும் இருக்கிறது. மணிமேகலையில் வஞ்சி நகரத்தில் பல சமயத்தார் தங்கள் கொள்கையை எடுத்துச் சொல்லும் ஒரு காதை உண்டு. அந்த வஞ்சி நம் கரூர்தான் என்று வாதிடும் அறிஞர்கள் பலர். வேதத்தை ஏற்றவர், ஆசீவகர், சமணர் இவர்களோடு, கண்ணால் காண்பதே உண்மை, மறுபிறப்பு இல்லை என்னும் பூதவாதியும் அங்கே பேசுகிறான். துறவியான மணிமேகலை அவனுக்குச் சிரித்துக்கொண்டே எதிர்க்கேள்வி போடுகிறாள். அவனை அடித்து விரட்ட யாரும் வரவில்லை. காப்பியம் எழுதிய பௌத்தக் கவிஞருக்கு அவன் வாயைக் கட்ட வேண்டும் என்று தோன்றவுமில்லை. இஸ்லாத்திலும், மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்ற பொருளில் வரும் குர்ஆனின் இரண்டாம் அத்தியாய வசனத்தை முன்வைத்துப் பேசும் அறிஞர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். நம்பிக்கை என்பது மனம் ஒப்பித் தருவது. பயத்தில் தரப்படும் ஒப்புதலை எந்தக் கடவுள் ஏற்பார்? கொலை அந்தக் கடவுளுக்குச் செய்த சேவை என்ன என்பதை ஃபாரூக்கின் தந்தை காட்டினார். மகன் இருந்த இயக்கத்தில் தானும் சேரப்போவதாக அவர் அறிவித்தார். மார்க்கத்தைக் காப்பதாக நினைத்த கத்தி, அந்த வீட்டிலிருந்து இன்னொருவரையும் மார்க்கத்துக்கு வெளியே தள்ளியது.

மனம் புண்பட்டது என்பது மிச்சமிருக்கும் வாதம். புண்படுவது பொய் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குச் சட்டமும் இடம் வைத்திருக்கிறது. 1927இல் கொண்டுவந்த 295ஏ பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆக இருப்பது, வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு இழிவுபடுத்தினால் தண்டிக்கும். புகார் கொடுக்கும் வழி இருக்கும்போது, வேறு வழியில்லாமல் கத்தி எடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அரசு அலுவலகமே ஊர்க்கூட்டமாக மாறினால் அந்த வழியும் அடைபடும். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் அதுதான் நடந்தது. மாதொருபாகன் நாவலால் திருச்செங்கோட்டின் மானம் போய்விட்டது என்று கடையடைப்பு நடத்தியவர்களையும் அதை எழுதிய பெருமாள்முருகனையும் அழைத்து, அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் அவரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தது அதற்குப் பிறகுதான். சொந்த ஊரில் இருக்க முடியாமல் சென்னைக்குப் போனார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல்தான், 2023இல் சமூக விலக்க வழக்கை ஒன்பது பேர் அமர்வுக்கு அனுப்பிய அமர்வுக்கும் தலைமை வகித்தார். பெருமாள்முருகன் திரும்ப எழுத வந்தார், ஏனென்றால் அவருக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது: வாசகர்கள், பதிப்பகம், ஒரு நீதிமன்றம்.

அந்த இடத்தை மற்றவர்களுக்கும் எப்படி உண்டாக்குவது? மகாராஷ்டிரம் 2016இல் சமூகப் புறக்கணிப்பைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பட்டியல் சாதி, பழங்குடியினரைப் புறக்கணிப்பது வன்கொடுமைச் சட்டத்தின்படி குற்றம். மற்றவர்களை ஊர் விலக்கினால் கேட்பதற்குத் தமிழ்நாட்டில் அப்படியொரு தனிச் சட்டம் கிடையாது. பாரதிய நியாய சன்ஹிதா, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து தனிப்பட்ட நம்பிக்கையின் காரணமாக ஒருவரைக் கொன்றால் அதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது பிணம் விழுந்த பிறகு வரும் சட்டம். உயிரோடு இருப்பவருக்குத் தேவைப்படுவது கல்யாணமும் வீடும் சுடுகாடும். அண்ணா முதல்வராக இருந்த 1967இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது. புரோகிதர் இல்லாமல், தீ வளர்க்காமல், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினால் போதும். ஆனால் அது இந்து திருமணச் சட்டத்தில் செய்த திருத்தம், எனவே இரண்டு இந்துக்களுக்கு இடையே மட்டும் செல்லும். முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ பிறந்து மதத்தை விட்டவர் பெரியாரின் வழியில் கல்யாணம் செய்ய அதில் இடமில்லை. அவருக்கு இருப்பது 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அதில் மணமக்களின் பெயரும் முகவரியும் பதிவாளர் அலுவலகத்தில் 30 நாள் எல்லாரும் பார்க்க ஒட்டப்பட வேண்டும். யாருக்குத் தெரியக்கூடாதோ அவர்களுக்கே முகவரி கொடுக்கும் ஏற்பாடு அது. அந்த 30 நாள் அறிவிப்பை எடுக்க வேண்டும், 1967 திருத்தத்தின் வழி எம்மதமும் வேண்டாம் என்பவருக்கும் திறக்க வேண்டும், ஊராட்சியின் சுடுகாட்டில் எந்த ஜமாஅத்தின், எந்த சபையின், எந்த ஊர்க்கூட்டத்தின் கடிதமும் கேட்காமல் புதைக்கவும் எரிக்கவும் உத்தரவு வேண்டும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இவற்றைக் கேட்கத் தொடங்குவதற்கு ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.